யுத்தத்துக்குக் கடன் கொடுப்போர்

ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் படைத்த கற்பனை உலகத்திலே, பிராவோஸ் என்ற கடற்கரை நகரில், இரும்பு வங்கி எனப் பெயர்கொண்ட ஸ்தாபனம் ஒன்று உண்டு. பட்ட கடனைத் தீர்க்க மறுக்கும் அரசர்மீது அது வழக்குத் தொடர்வதில்லை. அவருடைய பகைவரைத் தேடிச் சென்று பொன் கொடுக்கிறது. சிம்மாசனம் கைமாறினால் புதிதாக வந்தவர் பழைய கடனையும் சேர்த்துத் தீர்ப்பார் என்பது அதன் நம்பிக்கை. தொலைக்காட்சித் தொடராகவும் வெளிவந்து நம்முடைய பிள்ளைகள் பலரால் ஆவலோடு பார்க்கப்பெற்ற அக்கதை, யுத்தத்தின் முடிவை வாளும் வீரமும் மட்டுமே தீர்மானிப்பதில்லை என்று எடுத்துக்காட்டியதற்காகப் பாராட்டத்தக்கது. ஆயினும், அந்த வங்கி கொடுத்த பொன்னுக்குரிய வட்டி எந்த உழவனுடைய களத்திலிருந்து வந்தது என்ற கேள்விக்கு அங்கே அதிக இடமில்லை. திருகோணமலைத் துறைமுகத்தின் கரையில் வாழும் நமக்கோ அதுவே முதற் கேள்வி. ஏனெனில், இத்துறைமுகத்தை நாடி வந்த போர்க்கப்பல்களுக்குப் பின்னால் கடன் ஏடுகளும், அந்த ஏடுகளுக்குப் பின்னால் அவற்றைப்பற்றி ஒன்றும் அறியாத கிராமங்களும் இருந்திருக்கின்றன.

போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, 1624ஆம் ஆண்டளவில் அது நின்ற மலையிலே கோட்டை எழுப்பிய காலந்தொட்டு, இக்குடாவின்மீது ஐரோப்பியர் கொண்ட ஆசை குறைந்ததில்லை. வடகீழ்ப் பருவக்காற்று மூளும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமின்றித் தவித்த பெருங்கப்பல்களுக்கு, ஆழமும் அரணும் ஒருங்கே வாய்ந்த நமது உட்துறைமுகம் கிடைத்தற்கரிய புகலிடமாய் இருந்தது. 1782ஆம் ஆண்டில் மாத்திரம் அது இருமுறை கைமாறிற்று. ஜனவரியிலே ஆங்கிலக் கடற்றளபதி எட்வேர்ட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து அதைக் கைப்பற்றினார். ஒஸ்டென்பேர்க் கோட்டை 11ஆந் திகதி வீழ்ந்தது. ஆகஸ்ட் மாத முடிவிலே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆந் திகதி இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே கடும்போர் புரிந்தன. சமாதான உடன்படிக்கையின்பின் ஒல்லாந்தரிடம் மீண்டு, 1795 ஆகஸ்டில் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பொதுவாக இவையெல்லாம் தளபதிகளின் கதையாகவே சொல்லப்படுகின்றன. ஹியூஸின் கப்பல்களில் வந்த சிப்பாய்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கப் புகுவோமாயின், ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கத்து அரண்மனைக்கும் அங்கிருந்து தஞ்சாவூர் நெல்வயல்களுக்கும் போய்ச் சேருவோம். அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையால் பட்டத்துக்கு வந்தவர். அவருக்காக நடந்த யுத்தங்களின் செலவைக் கம்பெனி அவர் கணக்கிலேயே எழுதிவைத்தது. அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு அவர் கம்பெனி உத்தியோகத்தரிடமே, அவர்களுடைய சொந்தப் பணத்தை, நூற்றுக்கு 20, 25, சிற்சில வேளைகளில் 36 என்ற வட்டிக்கு வாங்கினார். பகலிலே கம்பெனியின் பெயரால் நவாபிடம் கப்பம் கேட்டவரே மாலையிலே தம் சொந்தப் பெயரால் அவருக்குக் கடன் கொடுத்தார் என்றால் மிகையன்று. ஈடாக அவர் எழுதிக்கொடுத்தது மாகாணங்களின் நிலவரியை. பயிர் அறுவடையாகுமுன்னரே அதன் வரி தனிகருக்குச் சொந்தமாகிவிட்டது. அவருடைய ஆட்கள் களத்துமேட்டுக்கே வந்து வசூலித்தனர். ஏரிக் கரையைச் செப்பனிடவோ மதகைப் பழுதுபார்க்கவோ வேண்டிய பணம், அவ்வூரின் பெயரைக்கூட உச்சரிக்கத் தெரியாத ஒருவருக்கு வட்டியாகப் போயிற்று.

எத்தனை சீமைகளை எழுதிக்கொடுத்தும் கடன் அடையவில்லை. காவிரியால் வளம் பெற்ற தஞ்சாவூரோ அருகிலேயே மராட்டிய அரசர் துளஜாஜியின் ஆட்சியில் இருந்தது. நவாபுக்கு அந்த நாட்டின்மீது பழைய உரிமைக் கோரிக்கையும் புதிய பணத்தேவையும் இருந்தன; நவாபின் தனிகர்களுக்கோ ஈட்டுக்கு மேலும் நிலம் தேவைப்பட்டது. 1773 செப்டெம்பரில் கம்பெனியின் சைனியம் தஞ்சையைப் பிடித்து நவாபிடம் ஒப்படைத்தது, துளஜாஜி சிறைப்பட்டார், அடுத்த போகத்து நெல்லே தனிகர்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர் சபை இச்செயலை ஏற்காமல், அரசருக்கு நாட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டு, பிகட் பிரபுவை ஆளுநராகச் சென்னைக்கு அனுப்பிற்று. 1776 ஏப்ரலில் அவர் தஞ்சைக்கு நேரே சென்று துளஜாஜியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார்.

அப்பொழுது போல் பென்ஃபீல்ட் என்பவர் எழுந்தார். கம்பெனியிலே சொற்பச் சம்பளம் பெற்ற உத்தியோகத்தர் அவர். ஆயினும், தஞ்சையின் வருமானத்திலிருந்தும் அந்நாட்டுக் குடிகளிடமிருந்தும் தமக்கு ஏறக்குறைய 2,34,000 பவுண் வரவேண்டியிருக்கிறதென்று உரிமை கோரினார். பிகட் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையோர், அவர்களிற் பலர் நவாபின் தனிகர்களே ஆதலால், பென்ஃபீல்டின் பக்கம் நின்றனர். 1776 ஆகஸ்ட் 24ஆந் திகதி தங்கள் ஆளுநரையே அவர்கள் கைது செய்தனர்; மறு ஆண்டு மே மாதத்தில் அவர் காவலிலேயே இறந்தார். பிராவோஸ் நகரத்து வங்கி அயல்நாட்டு அரசனைக் கவிழ்க்கப் பொன் கொடுத்ததாகத்தான் கதை; இங்கே தனிகர்கள், தாம் உண்ட சோற்றுக்குரிய அரசாங்கத்தின் தலைவரையே சிறையிலிட்டார்கள்.

திருகோணமலை இக்கதையில் வந்து சேருவது 1781ஆம் ஆண்டில். முந்திய ஆண்டிலே மைசூரை ஆண்ட ஹைதர் அலி, நவாபின் நாடாகிய கர்நாடகத்துள் புகுந்து பொள்ளிலூரில் கம்பெனிப் படையொன்றை அழித்திருந்தார். ஒல்லாந்தருடனும் பிரெஞ்சுக்காரருடனும் இங்கிலாந்து போரில் இருந்தது. சென்னைப் பொக்கிஷமோ வெறுமையாயிருந்தது. புதிதாக வந்த ஆளுநர் மக்கார்ட்னி நவம்பரில் நாகபட்டினத்தையும் ஜனவரியில் திருகோணமலையையும் பிடிப்பித்தார். இடையே, டிசெம்பர் மாதத்தில், கர்நாடகத்தின் வருமானத்தை யுத்தச் செலவுக்கெனக் கம்பெனியின் பொறுப்பில் விடும் உடன்படிக்கையை நவாபிடமிருந்து பெற்றார். நமது கோட்டையைத் தாக்கிய வெடிமருந்துக்கு விலையாகச் செலவழிந்தது தமிழ்நாட்டு உழவர் கொடுத்த வரியின் ஒரு பகுதியே என்று கொள்வதில் தவறில்லை. தனிகர்களோ அவ்வுடன்படிக்கையை வெறுத்தனர். வரி சிப்பாய்க்குப் போனால் வட்டிக்கு வராது. ஹைதரின் குதிரைப்படை சென்னைக்கு அண்மையில் திரிந்த காலத்திலும் அவர்கள் தங்கள் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு இலண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் ஆள் அனுப்பி வாதாடினார்கள். இறுதியில் வென்றும் விட்டார்கள். வருமானம் நவாபிடம் திரும்பிற்று. அதிலிருந்து ஆண்டுதோறும் 12 லட்சம் வராகன் கடனுக்கென ஒதுக்கும்படி, பத்திரங்களின் உண்மையை விசாரியாமலே, இங்கிலாந்து மந்திரிமார் உத்தரவிட்டனர். மக்கார்ட்னி பதவி துறந்தார்.

அந்த உத்தரவைக் கண்டித்து எட்மண்ட் பேர்க் 1785 பெப்ரவரி 28ஆந் திகதி ஆங்கிலப் பாராளுமன்றத்தில் நிகழ்த்திய பேருரை, ஆற்காட்டுக் கடன்களைப்பற்றி எழுந்த எல்லா ஆவணங்களிலும் உயர்ந்தது. கர்நாடகத்து ஏரிகளைக் கட்டிய பழைய அரசர்களை அவர் அதிலே போற்றினார். அவை தூர்ந்து போவதை ஒரு தேசத்தின் மரணமாகக் கண்டு வருந்தினார். கடல்கடந்த நாட்டவர் ஒருவர் நம்மவர் வயல்களுக்காக அவ்வளவு உருக்கத்தோடு பேசினாரே என்று எண்ணுந்தோறும் எனக்கு நன்றி மேலிடுகிறது. அன்று வாக்கெடுப்பில் அவர் கட்சி தோற்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 1805இல், கர்நாடகக் கடன்களை ஆராய ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பல்லாண்டு நடந்த அவ்விசாரணையின் முன் வந்த கோரிக்கைகளின் மொத்தம் 3 கோடி பவுணுக்கு மேல். அவற்றுள் உண்மையென ஒப்புக்கொள்ளப்பட்டது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பேர்க் எவற்றைக் குறித்துப் பேசினாரோ அந்த முதற்கடன்கள் அதற்கு முன்பே விசாரணையின்றித் தீர்க்கப்பட்டுவிட்டன.

மறுபக்கத்தில் ஒல்லாந்தரின் நிலை வேறு. 1609இல் தோன்றி ஐரோப்பா முழுவதும் நம்பிக்கை பெற்றிருந்த ஆம்ஸ்டர்டாம் வங்கி, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பொதுமக்கள் அறியாமல் கடன் கொடுத்துவந்தது. ஆங்கிலேயரோடு நடந்த போரிலே கப்பல்களும் திருகோணமலை போன்ற துறைகளும் பறிபோனபோது அக்கடன் திரும்பவில்லை. 1795இல் பிரெஞ்சுச் சைனியம் ஆம்ஸ்டர்டாமுக்குள் நுழைந்தபின் உண்மை வெளிப்பட்டது. வங்கியின் மதிப்பும் போயிற்று. கம்பெனியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டு, 10 கோடி கில்டருக்கு மேற்பட்ட கடனோடு 1799ஆம் ஆண்டின் இறுதியில் கலைத்தது. அதே நகரத்துப் பெருந்தனிகரான ஹோப் குடும்பத்தாரோ பிரெஞ்சுப் படை வருமுன் இலண்டனுக்குப் பெயர்ந்துவிட்டனர். 1803இல் நெப்போலியன் லூயிசியானா என்னும் பெருநிலத்தை அமெரிக்காவுக்கு விற்றபோது, அமெரிக்கா கொடுத்த பிணைமுறிகளை வாங்கி அவருக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள் இந்த ஹோப் நிறுவனத்தாரும் இலண்டன் பேரிங் நிறுவனத்தாரும் ஆவர். உடன்படிக்கை ஏப்ரல் 30ஆந் திகதி. மே 18ஆந் திகதி இங்கிலாந்து பிரான்சின்மீது போர் தொடுத்தது. ஆங்கிலத் தனிகர் திரட்டிய பணம் ஆங்கிலேயரை எதிர்க்கும் ஆட்சியாளனிடம் போயிற்று.

பக்ஷம் எடுத்து அழிந்தவர்களும் உண்டு. வங்காளத்தின் பெருந்தனிகரான ஜகத் சேட் குடும்பத்தார் நவாப் சிராஜ் உத் தௌலாவைக் கைவிட்டு, ஆங்கிலக் கம்பெனியின் தளபதி கிளைவோடு சேர்ந்தனர். 1757இல் பிளாசிப் போரின் முடிவைப் பீரங்கியைக் காட்டிலும் அவர்களுடைய பொக்கிஷம் அதிகம் நிர்ணயித்தது. ஆறு ஆண்டுகளில் நவாப் மீர் காசிம் அக்குடும்பத்தின் தலைவர் இருவரையும் கொன்றார். அவர்கள் வளர்த்துவிட்ட கம்பெனி அவர்களைக் காப்பாற்றவில்லை.

இப்பழைய கதைகளை நான் நினைவூட்டுவது நம்முடைய காலத்தைப்பற்றிப் பேசுவதற்காகவே. 2003 ஜூன் மாதத்தில் தோக்கியோ நகரில் கூடிய நாடுகளும் ஸ்தாபனங்களும், இலங்கையில் சமாதானம் முன்னேறுமாயின் 450 கோடி டொலர் உதவுவதாக வாக்களித்தன. பணத்தைக் கொண்டு போரை நிறுத்த இயலும் என்ற நல்லெண்ணம் அது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது; நமது மாவட்டத்திலேயே யுத்தம் மீண்டும் மூண்டது; மூதூரிலிருந்து முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினர்; மூதூரில் பணிபுரிந்த தொண்டு நிறுவன ஊழியர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; செப்டெம்பர் தொடக்கத்தில் படையினர் சம்பூரைப் பிடித்தனர்; அவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் ஏறக்குறைய பத்தாண்டு காலம் கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் கிடந்தன. மறு ஆண்டு ஒக்டோபரில் இலங்கை அரசாங்கம் முதன்முறையாகச் சர்வதேசப் பிணைமுறிச் சந்தைக்குச் சென்றது: 50 கோடி டொலர், ஐந்தாண்டுத் தவணை, 8.25 சதவீத வட்டி. எச்.எஸ்.பி.சி., ஜே.பி. மோர்கன், பார்க்ளேஸ் ஆகிய வங்கிகள் அதை விற்றுக்கொடுத்தன. எதிர்க்கட்சியினர் அவற்றுள் ஒரு வங்கியின் வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். தோக்கியோவில் உதவி வாக்களித்தோர் சமாதானத்தை நிபந்தனையாக விதித்தனர்; பிணைமுறி வாங்கியோர் விதித்த ஒரே நிபந்தனை வட்டி.

அந்தப் பணத்தால் இன்ன குண்டு வாங்கப்பட்டது என்று யாராலும் சுட்டிக்காட்ட இயலாது. அரசாங்கத்தின் பெட்டியில் விழுந்த டொலருக்கு நிறமில்லை. ஆனால், யுத்தம் உச்சநிலையில் இருந்த ஆண்டிலே ஒரு பக்கத்தாரின் பொக்கிஷத்தை நிரப்பிக் கொடுத்தவர், நாம் வியாபாரிகளே என்று சொல்லி ஒதுங்குவதை என் மனம் ஏற்கவில்லை. மறுபக்கத்தாருக்கு வங்கி இல்லை. ஆயினும் இலண்டனிலும் டொரொண்டோவிலும் தமிழர் வீடுதோறும் பணம் திரட்டப்பட்டது. மனமுவந்து கொடுத்தோரும் இருந்தனர், அச்சத்தால் கொடுத்தோரும் இருந்தனர். அதற்கும் கணக்குக் காட்டப்படவில்லை. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. ஜூலை 24ஆந் திகதி சர்வதேச நாணய நிதியம் 260 கோடி டொலர் கடனை அங்கீகரித்தபோது, அமெரிக்காவும் பிரித்தானியாவும் உள்ளிட்ட சில நாடுகள் வாக்களியாமல் ஒதுங்கின. இலட்சக்கணக்கான வன்னி மக்கள் முட்கம்பி வேலிக்குள் இருந்த அந்நேரத்தில், உலகத்தின் மனச்சாட்சி அந்த மேசையிலே செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பிணைமுறிக் கடன் அங்கிருந்து வளர்ந்து வளர்ந்து, 2022 ஏப்ரல் 12ஆந் திகதி நாடு கடனடைப்பை நிறுத்தியபோது 1,200 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. அதன்பின் உள்நாட்டுக் கடன் சீரமைக்கப்பட்டபொழுது, ஆற்காட்டு வட்டியைக் களத்துமேட்டிலே வசூலித்த பழைய வழக்கத்தைக் கண்டேன். 2023இல் திறைசேரிப் பிணைமுறிகளின் சுமை வங்கிகளை விட்டு விலகி, ஊழியர் சேமலாப நிதியின்மீது இறங்கியது. பிறிமா மா ஆலையிலும் சீனக்குடாச் சீமெந்து ஆலையிலும் உழைத்த தொழிலாளி, முதுமைக்கென்று மாதந்தோறும் சேர்த்த பணம் அது. 2007இல் எந்த வங்கி எந்தப் பத்திரத்தை விற்றது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சம்பூர், மூதூர் அகதிகளைப் போலவே அவனும் ஒன்றும் அறியேன் என்றே சொல்லியிருப்பான்.

இன்று நமது கண்ணெதிரே நிற்பவை சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள். இரு உலக யுத்தங்களுக்கு இடையே ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை அவை, 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலின்போது ஒன்று எரிந்தழிந்தது; இன்று 99 இருக்கின்றன. 1987இல் இந்திய இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், அத்தாங்கிகளைச் சீர்ப்படுத்தி இயக்குவது இருநாட்டுக் கூட்டு முயற்சியாகும் என்றும், இத்துறைமுகம் இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டுப் படைக்கும் விடப்படமாட்டாது என்றும் எழுதப்பட்டது. பல்லாண்டு தாமதத்தின்பின் 2022 ஜனவரி 6ஆந் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று: 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு. அடுத்த வாரத்திலே இந்திய ரிசர்வ் வங்கியின் 40 கோடி டொலர் நாணய மாற்று உதவி. பெப்ரவரியில் எரிபொருளுக்காக இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் 50 கோடி. மார்ச்சில் உணவுக்கும் மருந்துக்குமாக இந்திய ஸ்டேட் வங்கியின் 100 கோடி.

அந்த உதவி வந்திராவிடில் நம் அடுப்புகள் எரிந்திரா, வைத்தியசாலைகளில் மருந்து இருந்திராது. அதற்கு நாம் இந்திய மக்களுக்கு நன்றியுடையோம். அதைக் குறைத்துப் பேச எனக்கு உடன்பாடில்லை. ஆனால், தாங்கிக்கும் கடனுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பதைத் திருகோணமலை மக்கள் பத்திரிகைத் திகதிகளை அடுக்கிவைத்து ஊகிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. தெற்கிலே அம்பாந்தோட்டைத் துறைமுகம், சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனால் கட்டப்பட்டு, 2017இல் 112 கோடி டொலருக்கு ஒரு சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. வடகிழக்கிலே இந்தியா, தென்கோடியிலே சீனா என்று இரண்டு பெருந்தனிகர் இத்தீவின் இரண்டு துறைமுகங்களிலும் அமர்ந்திருக்க, அவர்களுக்கிடையே பகை மூளும் நாளிலே எந்தப் பக்ஷம் சேருவது என்பதை நம்முடைய பிரதிநிதிகள் தீர்மானிப்பார்களா, கடன் பத்திரத்தின் ஒரு பந்தி தீர்மானிக்குமா என்பதே என் கவலை.

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கே உரித்தாக்குகிறது. ஆகவே, அரசாங்கம் கைச்சாத்திடும் ஒவ்வொரு வெளிநாட்டுக் கடனின் முழு வாசகமும், ஈடும் வட்டியும் நிபந்தனையும் அடங்க, பணம் பெறப்படுமுன் தமிழிலும் சிங்களத்திலும் பாராளுமன்றத்தில் வைக்கப்படவேண்டும். துறைமுகமோ காணியோ தாங்கியோ சம்பந்தப்படும் உடன்படிக்கையாயின், அம்மாவட்டத்தின் மக்கள் முன்னிலையிலும் அது வாசிக்கப்படவேண்டும். உள்நாட்டிலே யுத்தம் நடக்குங்கால் அரசாங்கத்தின் பிணைமுறியை விற்கும் வங்கி, யாருக்கு விற்றது, எவ்வளவு தரகு பெற்றது என்பதை வெளிப்படுத்தும் கடப்பாடு சட்டத்தில் எழுதப்படவேண்டும். பின்னொரு காலத்தில் கடன் முறியுமாயின், நட்டத்தின் முதற் பங்கு அந்தப் பத்திரத்தை வைத்திருப்போர்மீது விழவேண்டும், சேமலாப நிதியின்மீது அன்று. இப்படிச் செய்தால் யாரும் நமக்குக் கடன் தரமாட்டார்கள் என்று சொல்லும் பொருளியலறிஞர் இருக்கக்கூடும். போருக்குக் கடன் கிடைப்பது கடினமாகுமென்றால், மாவிலாற்றுக் கரையில் இருப்போர் அதற்காக வருந்தமாட்டார்கள்.

2025 ஏப்ரல் 5ஆந் திகதி இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு இராச்சியமும் திருகோணமலையைச் சக்திவள மையமாக்குவதற்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. குழாய்வழியும் தாங்கிகளும் வரவிருக்கும் இம்முயற்சிக்கு எந்த வங்கி பணம் கொடுக்கப்போகிறது, எதை ஈடாகக் கொண்டு கொடுக்கப்போகிறது என்பது இனிமேல்தான் தீரும். நம்முடைய மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றிருக்கும் உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, முதற் கடன் பத்திரம் கைச்சாத்தாகுமுன் அதை எழுந்து கேட்கவேண்டும்.